சுன்னிவாவுக்கு ஒரு கிண்ணம்

மாலை நான்கு மணி. நான்கு மணிதான்... ஆனால் நம் பள்ளத்தாக்கில் டிசம்பர் மாதத்து நான்கு மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. மேல்பண்ணையிலிருந்து கீழ்ப்பண்ணைக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு ஆள் ஓடி வருகிறான். கோட்டுக்குப் பொத்தான் போடவில்லை. தலையில் தொப்பி இல்லை. கையில் ஒரு காலி ஜாடி. பாதையில் வேறு ஓர் உயிர் இல்லை. அவன் பூட்ஸ் பனியில் நொறுங்கும் சத்தம் மட்டும்... கரக், கரக்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்துங்கள், காற்று வருகிறது. பியர்த் தொட்டியில் நுரை கட்ட இன்னும் நேரம் இருக்கிறது. இது நம் ஐரிக்கின் சின்ன மாமனாருக்கு நடந்தது. ஐரிக் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். இரண்டாம் முறை கேட்டபோது எழுந்து போய்விட்டான்.

ஓடி வந்தவன் பெயர் அஸ்லாக். ஐம்பதைத் தாண்டியவன். அவன் அப்படித் தலைதெறிக்க ஓடியது பியருக்காக. சிரிக்காதீர்கள்... கேளுங்கள்.

முந்தைய வருஷம் இலையுதிர் காலத்தில் அவனுடைய ஒரே மகள் சுன்னிவா கடலில் போய்விட்டாள். நாட்டின் வடகோடி ஃபின்மார்க்கில், மீன்பிடிப் படகில் அவளுக்கு வேலை. இங்கிருந்து காரில் போனாலே நாள் கணக்காகும். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. புதைக்க ஒன்றும் இல்லாததால் சர்ச்சில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அன்றிலிருந்து அவன் மனைவி குன்வோர் வாயைத் திறக்கவில்லை. தட்டு வைத்தால் வைத்தபடி இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் வந்தார், பாதிரியார் வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மேல்பண்ணையில் பியர் காய்ச்சவில்லை. நம் ஊரில் கிறிஸ்துமஸ் பியர் இல்லாத வீட்டின் முன்னால் நடக்கும்போதே தெரிந்துவிடும். புகை இல்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லியின் அந்த மால்ட் வாசனை இல்லை. சாவு வீடு.

மறுவருஷம் டிசம்பரில் ஒரு காலை. அஸ்லாக் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல். துருப்பிடித்த குரல்.

"அஸ்லாக்... பியர் காய்ச்சு."

அவன் கையிலிருந்த விறகு நழுவியது.

"என்ன சொன்ன?"

"கிறிஸ்துமஸ் ராத்திரி செத்தவங்க வீட்டுக்கு வருவாங்க. எங்க பக்கமெல்லாம் மேஜை மேல பியர் வெச்சு, கட்டிலை அவங்களுக்கு விட்டுட்டு, நாங்க தரையில வைக்கோல் போட்டுப் படுத்துப்போம். போன வருஷம் நாம ஒண்ணுமே வைக்கல. அவ வந்து பார்த்திருப்பா. திரும்பிப் போயிருப்பா."

இவள் பேசுகிறாள். அஸ்லாக்குக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. மலையைப் பெயர்த்துக் கொண்டுவா என்று சொல்லியிருந்தாலும் கடப்பாரையை எடுத்திருப்பான்.

காய்ச்சினான். விடியும் முன்பே ஜூனிப்பர் புதரின் கிளைகளை வெட்டி அண்டாவில் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தான். மால்ட்டைக் கலந்து, வடித்து, மறுபடி காய்ச்சி... கொட்டகை முழுக்க அந்த இனிப்பு வாசனை. குன்வோர் வாசற்படியில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. சாறு தொட்டியில் ஆற ஆரம்பித்ததும், உறை ஊற்ற வேண்டுமே என்று உத்தரத்தில் தொங்கிய, ஈஸ்ட் காயவைத்த மர வளையத்தை எடுத்தான். அவன் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து வந்த ஈஸ்ட். வளையம் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை. செத்த எலி நாற்றம்.

சாறு ஆறிவிட்டால், ராத்திரி சும்மா கிடந்தால், காலையில் புளித்த கழுநீர்தான். அஸ்லாக் திரும்பிப் பார்த்தான். குன்வோர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்து நிறம் போய்விட்டது. மறுபடி ஜன்னலை நோக்கி நடந்தாள்.

அதனால்தான் ஓடினான்.

கீழ்ப்பண்ணை அவன் அண்ணன் தோர்கில்ஸுடையது. ஐரிக்கின் மாமனார். கதவைத் திறந்தவர் தம்பி கையிலிருந்த ஜாடியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"செத்துப்போச்சா? அப்பப்ப எடுத்துப் பாருடான்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன். உன் மண்டைக்குள்ளயும் பூஞ்சைதான் இருக்கும்."

"அண்ணே, நாளைக்கு வந்து நிக்கறேன், நல்லாத் திட்டு. இப்ப ஈஸ்ட் குடு."

தோர்கில்ஸ் விளக்கைத் தூக்கித் தம்பி முகத்தைப் பார்த்தார். ஜாடியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டபின் வாசல்வரை கூடவே வந்தார்.

"ஊத்தறப்ப எப்பவும் போலச் சத்தம் போடு. வெறும் சத்தம். யார் பேரும் சொல்லிடாத. அவளையும் சொல்ல விடாத."

"ஏன்?"

"நம்ம அப்பா அப்படித்தான் சொல்வாரு. ஏன்னு நான் கேட்டதில்ல. நீயும் கேக்காத."

ஜாடியைக் கோட்டுக்குள் வைத்துக் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு அஸ்லாக் மேலே ஏறினான். சாறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குன்வோர் வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஈஸ்டை ஊற்றினான். ஈஸ்ட் விழித்து எழும்பட்டும் என்று நாம் எல்லோரும் கத்துவதுபோலக் கத்த வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். முகம் தொட்டிக்குள்.

"சுன்னிவா..."

அம்மா பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். தொட்டிக்குள் மோதி அடங்கியது. அஸ்லாக் அப்படியே நின்றான். கொட்டகையில் சத்தமே இல்லை... பிறகு, தொட்டியின் அடியிலிருந்து, தூக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்வதுபோல்... "ம்."

நுரைக் குமிழி உடைந்த சத்தம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உறை ஊற்றிய மறுகணமே எந்தத் தொட்டியில் நுரை வரும்?

பியர் என்றால்... அப்படி ஒரு பியர் அவன் ஆயுசில் காய்ச்சியதில்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை, கொஞ்சம் புகை, நாக்கின் ஓரத்தில் ஜூனிப்பரின் கசப்பு. ஒரு வாய் குடித்தால் வயிற்றிலிருந்து காது நுனிவரை சூடு ஏறும். குன்வோர் பேசினாள், சாப்பிட்டாள், உருளைக்கிழங்கு ரொட்டி தட்டினாள். மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். அவள் முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்டு அஸ்லாக் கொட்டகைக்குள் போய் அழுதான்.

கிறிஸ்துமஸ் ராத்திரி. சமையலறை மேஜையில் பெரிய மரக்கிண்ணம் நிறைய பியர். இவர்கள் இரண்டு பேரும் தரையில், வைக்கோல் மேல். அஸ்லாக் கண்ணை மூடிக்கிடந்தான்.

கதவு திறக்கவில்லை. ஆனால் படியில் நடக்கும் சத்தம்... சளக்... சளக்... ஈரத் துணி கட்டிய கால்போல. கிண்ணம் மேஜைமேல் நகர்ந்தது. பிறகு குடிக்கும் சத்தம். மூச்சே விடாமல்... மடக் மடக் மடக்கென்று. மனிதரால் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியாது. ஒரு வாடை வந்தது. ஏரிக்கரையில் சேற்றைத் தோண்டினால் வருமே, அந்தக் கருஞ்சேற்று வாடை. குன்வோர் அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் சிரிக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

காலையில் கிண்ணம் துடைத்துவைத்ததுபோல் காய்ந்திருந்தது. மாடியில் சுன்னிவாவின் கட்டில் தொப்பலாக நனைந்து, நடுவில் ஆள் படுத்த பள்ளம். குன்வோர் அந்த ஈரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அஸ்லாக் பள்ளத்தைப் பார்த்தான். தலைமாட்டில் ஆரம்பித்து, கால்மாட்டுப் பலகைவரை போய், பலகைக்கு அப்பாலும் தண்ணீர் சொட்டியிருந்தது. சுன்னிவா அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

"குன்வோர்... கடல் வாசம் இல்லையே இதுல. சேத்து வாசமால்ல இருக்கு."

"எனக்குக் கடல் வாசம்தான் வருது."

"அவ இவ்வளவு உயரம் இல்லடி."

"உனக்கு மகளைப் பிடிக்கலன்னா சொல்லிடு." இதைச் சொன்னபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்தும் நிற்கவில்லை. தினமும் குன்வோர் கிண்ணத்தை நிரப்பினாள். பிறகு ஒரு கிண்ணம் போதவில்லை, குடம் வைத்தாள். அக்கம்பக்கத்தார் பியர் ருசி பார்க்க வந்தால் கதவைத் திறக்க விடவில்லை. "அவளுக்கே பத்தாது" என்றாள். பிறகு தரைப்படுக்கையை விட்டுவிட்டு அந்தக் கட்டிலிலேயே போய்ப் படுக்க ஆரம்பித்தாள்.

"அவ குளிர்ல நடுங்கறா, அஸ்லாக். நான் அணைச்சுப் படுத்தாத்தான் நடுக்கம் நிக்குது."

அஸ்லாக் அவள் கையைத் தொட்டான். தொட்டவன் உதறிவிட்டான். பனிக்கட்டி. நாளெல்லாம் துணி துவைத்ததுபோல் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மணிக்கட்டைச் சுற்றி நீலமாக விரல் பதிந்த தடம்... அந்த விரல்கள் இவன் விரல்களைவிட நீளம். அவளை வேறு அறையில் போட்டுப் பூட்டிப் பார்த்தான். காலையில் அறை பூட்டியபடி இருந்தது, அவள் மகள் கட்டிலில் கிடந்தாள். உதடு நீலம். கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள். மகளைக் கடல் கொண்டுபோனபோது அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது கண்ணெதிரே, தன் வீட்டு மாடியில், இவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாள்.

மறுபடி அதே பாதையில் ஓடினான்.

"அண்ணே, அந்தப் பியர்ப் பீப்பாயை உருட்டிவிட்டுக் கொட்டிடறேன்."

"கொட்டினா தரை குடிக்கும். தரைக்குள்ள இருக்கறது எல்லாம் குடிக்கும். அப்புறம் உன் வீட்டுல நிக்க இடம் இருக்காது." தோர்கில்ஸ் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "உயிரோட இருக்கறவங்க குடிச்சுத் தீர்க்கணும். ஒரு சொட்டு விடாம. நான் எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நீ கதவைத் தொற."

ஜனவரி மாதம் இரண்டாம் ஞாயிறு. மத்தியானத்திலிருந்தே வண்டிகள் வந்தன. பள்ளத்தாக்கே வந்துவிட்டது. தன் பங்கு பியர் வீட்டிலேயே இருக்கிறவன்கூட, மேல்பண்ணைப் பீப்பாய் இப்படியாமே என்று கேள்விப்பட்டு வந்தான். உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சி, ரொட்டி, ஒரு வயலின். அஸ்லாக் விருந்தாளிகள் வருமுன் குன்வோரை மாடியில் மகள் அறையில் விட்டுப் பூட்டி, கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தியிருந்தான்.

"அஸ்லாக், இதை இத்தனை நாள் ஒளிச்சா வெச்சிருந்த? கஞ்சப் பயலே."

"குடிங்க. நல்லாக் குடிங்க."

"என் பொண்டாட்டிக்கு மட்டும் இது மாதிரி காய்ச்சத் தெரிஞ்சிருந்தா நான் வீட்டை விட்டே இறங்கியிருக்க மாட்டேன்."

"இன்னொரு கிண்ணம் ஊத்திக்க. நிறைய இருக்கு."

ஊற்றினான், ஊற்றினான். அவன் நெற்றியில் வேர்வை வழிவதைப் பார்த்து, துக்கத்திலிருந்து மனுஷன் மீண்டுவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். வயலின் வேகம் பிடித்தது. பலகைத் தரை அதிர்ந்தது. அந்த ஆட்டத்துக்கு நடுவில், அவனுக்கு மட்டும், மாடியிலிருந்து குன்வோர் கதவைத் தட்டுவது கேட்டது. பிறகு தட்டவில்லை. கதவின் அடி இடுக்கில் வாயை வைத்துப் பேசினாள் போலிருக்கிறது. சத்தமாகக்கூட இல்லை.

"ஒரு கிண்ணமாவது எடுத்து வை, அஸ்லாக். குழந்தை கேப்பா. ஒரே ஒரு கிண்ணம்."

அவன் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடச் சொன்னான்.

விளக்கு எட்டாத மூலைப் பெஞ்சிலிருந்தும் கைகள் நீண்டன. நிரப்பினான். ஒரு கை கிண்ணத்தை வாங்கும்போது உரசியது... நனைந்த சட்டைக்கை, நகக்கண்ணில் கருஞ்சேறு. அவன் முகத்தைப் பார்க்க நிமிரவில்லை. அடுத்தவனுக்கு ஊற்றினான். பீப்பாயைச் சாய்த்தார்கள். குலுக்கினார்கள். அடி வண்டலோடு சேர்த்து வந்த கடைசிக் கிண்ணத்தை யாரிடமும் கொடுக்காமல் அஸ்லாக்கே குடித்தான். கவிழ்த்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ராத்திரி ஏழு மணிக்குள் வீடு காலி. அலமாரியை நகர்த்திக் கதவைத் திறந்தான். குன்வோர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டான். கொஞ்சம் சூடு இருந்தது. கட்டிலைத் தடவினான். காய்ந்திருந்தது. கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கீழே வந்து அடுப்பருகே நாற்காலியில் சாய்ந்தவன், எத்தனையோ நாளுக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினான். படியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

காலையில் கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தான். ஐரிக். மாமனார் தொப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டார், எடுக்க வந்திருந்தான். கல்யாணமாகி அவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அதுதான் முதல் கிறிஸ்துமஸ். நேற்று அத்தனை பேரில் குடிக்காதவனும் அவன்தான். வண்டி ஓட்ட வேண்டியவன், காப்பியே கதி என்று உட்கார்ந்திருந்தான். அஸ்லாக் இப்போதும் காப்பிதான் ஊற்றினான்.

"அத்தை எப்படி இருக்காங்க, மாமா?"

"தூங்கறா. நல்லாத் தூங்கறா."

"நேத்து யாரோட பொண்ணு மாமா அது? பாவம், அதை யாராவது வீட்டுல விட்டாங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"நாங்க கிளம்பறப்ப கீழே பாதையில நின்னா. சின்னப் பொண்ணு மாதிரி, குள்ளமா. மழைக்கோட்டு போட்டிருந்தா, மீன் பிடிக்கறவங்க போடுவாங்களே, அது. பெரிய மாமா பின்சீட்டுல குறட்டை. நான் கண்ணாடியை இறக்கினேன். குப்புன்னு கடல் வாசம் அடிச்சுது."

அஸ்லாக் கெட்டிலைக் கீழே வைத்தான்.

"என்ன சொன்னா?"

"அப்பா உள்ள இருக்காரு, எனக்குக் கொஞ்சம் வெச்சிருக்காரான்னு கேட்டா. எவனோ குடிகாரன் பொண்ணைக் குளிர்ல நிக்கவெச்சுட்டு உள்ள ஆட்டம் போடறான்னு நெனச்சேன். எல்லாம் தீர்ந்துபோச்சும்மா, உங்கப்பா ஒரு சொட்டு மிச்சம் வெக்கலன்னு..." ஐரிக் சிரிக்கப் பார்த்தான். அஸ்லாக்கின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "வண்டியில ஏறு, விட்டுடறேன்னேன். வேணாம்னுட்டா. வடக்கே இருந்து நடந்தே வர்றேன், இன்னிக்குத்தான் வந்து சேர முடிஞ்சுதுன்னா. அப்புறம் வந்த வழியே திரும்பி நடந்து போயிட்டா."

அஸ்லாக் கோட்டை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினான்.

அப்போது மாடியிலிருந்து குன்வோரின் குரல் கேட்டது. கொஞ்சலாக, மெதுவாக.

"ஆடாம உட்காரு, சுன்னிவா. சிக்கெல்லாம் எடுத்துடறேன்."

ஐரிக்கும் கேட்டான். அது மட்டுமல்ல... ஈர முடியில் சீப்பு இறங்கும் சத்தத்தையும் கேட்டான். நீளமான முடி. வெகுநேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு கட்டில் முனகியது... பாரமான ஏதோ ஒன்று, இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டதுபோல.